அண்ணன் மகளோடு கார்தா ஏரிக்கு: பாய்ப்படகுப் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

குளச்சல் பக்கம் பாய் விரித்துக் கடலுக்குப் போன கடைசித் தலைமுறை என் பாட்டாவுடையது. அவுட்போர்டு எஞ்சின் வந்த பிறகு பாய்கள் பரணுக்கும் பந்தலுக்கும் போய்ச் சேர்ந்தன. அதனால், சென்னையில் அண்ணியோடு இருக்கும் அண்ணன் மகள் பாய்ப்படகு ஓட்டக் கற்கிறாள் என்று சேதி வந்தபோது, அது ஒரு விளையாட்டு என்பதே வீட்டில் யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. அம்மா கேட்ட கேள்வி: "அந்தச் சின்ன வள்ளத்துல மீன எங்க போடுவா?"

அந்தச் சின்ன வள்ளத்துக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். நீளம் 2.3 மீட்டர் சொச்சம், வெறும் படகின் எடை 35 கிலோ, ஒரு பாய், ஒரு பிள்ளை. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. பிள்ளைக்கு எந்த வருடம் 16 வயது நிறைகிறதோ, அந்த வருடத்திலிருந்து அதில் போட்டியிட முடியாது. இந்த வகைப் படகின் (போட்டிக்காரர் பேச்சில் 'வகுப்பு') உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு நாட்டிலிருந்து ஐந்து பேர்தான் போகலாம். ஆனால் இத்தாலியில் கார்தா ஏரியின் வடமுனையில், ரிவா தெல் கார்தா என்ற ஊரில் ஈஸ்டர் வாரத்தில் நடக்கும் போட்டி அப்படியல்ல. கிளப் மூலம் பதிவு செய்து பணம் கட்டினால் போகலாம். 2012-இல் ஆயிரத்துக்கும் மேல் படகுகள் கூடி கின்னஸ் புத்தகத்தில் ஏறிய போட்டி அது. எங்கள் பிள்ளையும் சென்னையில் அவளோடு பழகும் சில பிள்ளைகளும் அங்கே போவதாக முடிவானது. அண்ணன் மஸ்கட்டில். அண்ணி ஆஸ்பத்திரி நர்ஸ், அத்தனை நாள் லீவு கிடைக்காது. கூடப் போக நான்தான் மிச்சம். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை, கடற்கரையில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஆள்.

அது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. படகைப் பற்றிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லாததால் கரையை மட்டும் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வள்ளம் கரையேறியதும் ஏலம், கணக்கு, கடன் எல்லாம் பெண்கள் கையில். அந்தப் பழக்கம் இதற்குச் சரியாகப் பொருந்தும். பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் போட்டி கெட்டுப்போவதைப் பார்த்தால், காற்றால் கெடுவது குறைவு. பேப்பர், குளிர், சாப்பாடு, காத்திருப்பு, இவற்றால்தான் கெடுகிறது. நான்கும் கூடப் போகிறவர் கையில் இருப்பவை.

பேப்பரிலிருந்து தொடங்குகிறேன். அதிலும் முதலில் பெயர். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், கிளப் அட்டையில் பின்னால் இனிஷியல், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். போட்டிப் பதிவுப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நாங்கள் செய்தது: பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்து, பிறகு கிளப் உறுப்பினர் அட்டை, வகுப்புச் சங்கம், போட்டிப் பதிவு, விமான டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. வளைகுடா வழியாகப் போய் துபாயிலோ அபுதாபியிலோ இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில் கெடுபிடி செய்கிறது.

சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். எட்டு, ஒன்பது வயதில் எடுத்தது பதிமூன்று, பதினான்கில் முடியும். சரியாகப் போட்டிகள் தொடங்குகிற வயது. ஷெங்கன் நாடுகளிலிருந்து (இத்தாலி முதலான, ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஆசிய நாடுகள் பலவற்றில் ஆறு மாதம் கேட்பார்கள். புதுப்பிக்கத் தாய், தகப்பன் இருவரின் ஒப்புதலும் வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழி எழுதி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பாதி வீட்டில் தகப்பன் ஓமானிலோ சவுதியிலோ பஹ்ரைனிலோ இருப்பார். அண்ணனுக்கு வேலை நாளில் லீவு கிடைத்து மஸ்கட் தூதரகத்துக்குப் போய் அந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகுதான் திருநெல்வேலி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நாள் குறித்தோம். இந்த வேலைக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னால் இறங்குங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் அந்த எல்லையை நம்பி யாரும் இருக்காதீர்கள். ஈஸ்டருக்கும் கோடை விடுமுறைக்கும் முன்னால் சென்னை விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். 12 வயதானால் பிள்ளையும் நேரில் போய் விரல் ரேகை வைக்க வேண்டும். விசாக் கட்டணம் 12 வயதிலிருந்து 90 யூரோ. ஆனால் லாப நோக்கமில்லாத அமைப்பின் பிரதிநிதியாக, அப்படிப்பட்ட அமைப்பு நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்று விசா விதியிலேயே இருக்கிறது. நம்மவர்கள் பலர் கேட்பதே இல்லை. கிளப்பின் பதிவுச் சான்றும் போட்டி நடத்துகிற கிளப்பின் அழைப்புக் கடிதமும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டத்தான் வேண்டும்.

பிள்ளை தாய் தகப்பன் இல்லாமல் போகிறது என்றால், இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு. அதில் யாரோடு, எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதோடு, அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம் தர எனக்கு அதிகாரம் உண்டு என்றும் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி முக்கியம். பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் அனுமதிக் கடிதம் எல்லாம் கூடவே. மிலான் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தைக் கேட்டார். கைப்பையில் இருந்தது. பெட்டியில் வைத்திருந்தால் அவ்வளவுதான். கூடப் போகிறவர் அரசுப் பணியில் இருந்தால் வெளிநாடு செல்ல உங்கள் துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். அது நடக்கிற வேகம் ஊருக்கே தெரியும்.

பணக் கணக்கு. மீன்பிடிக் குடும்பத்தில் காசு வரும், ஆனால் ரொக்கமாக வரும். ஏலத்தில் விற்ற பணம் வங்கியைப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை தடைக்காலம். அந்த மாதங்களில் கணக்கு வெறுமையாக இருக்கும். விசாவுக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி இரண்டு லட்சத்தைக் கொண்டு போய்ப் போட்டால், அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். செலவை நான் ஏற்கிறேன் என்று கடிதம் கொடுத்து, என் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் வைத்தோம். குடும்பத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தால் அவரைப் பொறுப்பாளராகப் போடுவது சுலபம். அரசு உதவிக்கு 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையை அணுகலாம். போட்டி தேதி தெரிந்தவுடனே கேட்பது நல்லது.

காப்பீட்டில் பலரும் குழம்புவதைப் பார்த்தேன். விசாவுக்குக் கேட்பது மருத்துவப் பயணக் காப்பீடு, குறைந்தது 30,000 யூரோவுக்கு. போட்டி நடத்துகிறவர்கள் கேட்பது வேறு: உங்கள் பிள்ளை இன்னொருவர் படகை இடித்து உடைத்தாலோ ஆளுக்குக் காயம் பட்டாலோ ஈடு தரும் மூன்றாம் நபர் காப்பீடு. ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு வந்த ஒரு தகப்பனார் பதிவு மேசையில் நின்று போனில் ஆளாளுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மருத்துவக் காப்பீட்டையும் வாங்கும் முன்பே படியுங்கள். 'போட்டி விளையாட்டுகள் நீங்கலாக' என்று ஒரு வரி ஓரத்தில் ஒளிந்திருக்கும். அந்த வரி இருந்தால் அந்தக் காப்பீட்டால் விசாதான் கிடைக்கும், வைத்தியம் கிடைக்காது.

போட்டி அறிவிப்பு என்று ஓர் ஆவணம் வரும். ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பக்கம். பயிற்சியாளர் படித்துவிட்டார் என்று விடாமல் நீங்களும் படியுங்கள். வயதுப் பிரிவு (ரிவாவில் 9, 10 வயதுக்காரர்கள் தனி, 11 முதல் 15 வரை தனி), பதிவுக்குக் கடைசி நாள், பெற்றோர் கையெழுத்துப் படிவம், காப்பீட்டுத் தொகை எல்லாம் அதில்தான். யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவோடு இணைந்த ஒரு கிளப்பில் பிள்ளை உறுப்பினர் என்பதற்கும் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

படகை யாரும் இங்கிருந்து தூக்கிப் போவதில்லை. அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பாய்மரம், குறுக்குக் கழிகள் எல்லாம் படகோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். இரண்டு மீட்டர் கழியை விமானத்தில் ஏற்றப் படும் பாடு வாடகையைவிட அதிகம். பாய் மட்டும் அவளுடையது. பாயை மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் காற்றுப் பிடிக்கிற வடிவம் கெடும். பாயை விறைப்பாக நிறுத்தும் பட்டைகளை உருவிவிட்டுச் சுருட்டிக் குழாயில் போட வேண்டும். அந்த நீளத்துக்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு விதி. டிக்கெட் எடுக்கும் முன்பே நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் கவுண்டர் பையன் குழாயைப் பார்த்து மீன் தூண்டிலா என்று கேட்டான். மின்னஞ்சலைக் காட்டியதும் ஒட்டு ஒட்டி அனுப்பிவிட்டான்.

வாடகைப் படகை வாங்குகிற அன்று போனில் வீடியோ எடுங்கள். அடிப்பக்கம், அணியம் (முன்முனை), விளிம்பு, சுக்கான், நடுப்பலகை எல்லாவற்றையும், பழைய கீறல்களை விரலால் காட்டி. முன்பணமாக ஒரு தொகையைக் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். யுபிஐ அங்கே உதவாது, டெபிட் கார்டைச் சிலர் ஏற்பதில்லை. எங்களுக்கு வந்த படகில் காற்றுப் பை ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆப்டிமிஸ்டில் மூன்று பைகள், படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பவை. ராத்திரி ஊதி வைத்துக் காலையில் அமுக்கிப் பார்த்ததால் தெரிந்தது, மாற்றித் தந்தார்கள். தண்ணீர் இறைக்கும் சட்டி, துடுப்பு, எட்டு மீட்டர் இழுவைக் கயிறு, உயிர்காப்பு உடையில் கட்டிய விசில், இவை இல்லாமல் சோதனையில் விடமாட்டார்கள். கயிறும் விசிலும் ஊரிலிருந்தே கொண்டு போகலாம். குளச்சலில் கிடைக்காத கயிறா?

உயிர்காப்பு உடை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கரையில் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறவனைக் கேலி செய்கிற காலம் ஒன்று இருந்தது. 2017-இல் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு அந்தக் கேலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பிள்ளை முதல் முதலில் அதை மாட்டிக்கொண்டு போட்டோ அனுப்பியபோது அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு வைத்த சாதாரண உடையையே கொண்டு போங்கள். வாயுக் குப்பி வைத்து ஊதுகிற வகை இந்தப் போட்டிக்கும் ஆகாது, விமானத்திலும் தொல்லை.

இனி குளிர். இதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பு, 28 டிகிரி வாக்கில். கார்தா ஏரியில் ஏப்ரல் மாதம் 12 டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே மலையில் பனி வெள்ளையாகத் தெரியும். அந்தத் தண்ணீர் அள்ளி அள்ளி மேலே அடிக்கிற படகில் நான்கு மணி நேரம். குளிர்ந்த பிள்ளைக்கு முதலில் விரல் மரத்துப் போகும், பாய்க் கயிற்றைப் பிடிக்க முடியாது. அப்புறம் யோசனை மந்தமாகும். பயிற்சியில் ஜெயிக்கிற பிள்ளை அங்கே தோற்றால் ஊரில் 'பயந்துட்டா' என்பார்கள். பயம் கிடையாது, உடம்புச் சூடு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பருத்தி பனியன் ஒன்றுகூட உள்ளே போடக் கூடாது, நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டுகிற தெர்மல், அதன் மேல் ரப்பர் மாதிரித் துணியில் தைத்த வெட்சூட் அல்லது தண்ணீர் புகாத டிரைசூட், காலுக்கு அதே துணியில் (நியோப்ரீன்) சாக்ஸும் பூட்ஸும், தலைக்குக் கம்பளித் தொப்பி. சென்னையில் கிடைக்கும் மெல்லிய வெட்சூட் போதாது. வளர்கிற பிள்ளைக்குப் புதிதாக வாங்குவதும் வீண். நாங்கள் முந்தைய வருடம் போய் வந்த ஒரு பிள்ளையுடையதை வாங்கிக்கொண்டோம். முடிந்தால் நான்கைந்து நாள் முன்னதாகவே போய்விடுங்கள். குளிர் பழக அந்த நாட்கள் வேண்டும்.

கரையேறியதும் முதல் பத்து நிமிடம் பேச்சு வேண்டாம். படகை நான் பிடித்துக்கொள்வேன், அவள் உடை மாற்றப் போவாள். பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. பக்கத்துக் கூடாரத்து டேனிஷ் அம்மா மூடியில் ஊற்றிக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நமக்குக் கொஞ்சம் அனுகூலமானவை. இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, ஆகவே நெய் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழம், காய், இலை எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாங்காய் எல்லாம் கிடையாது. ஆனால் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு உண்டு. மட்டிப்பழச் சீப்பு ஒன்று இத்தாலி வரை வந்தது. மீனும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடு உட்பட. சட்டம் அனுமதித்தாலும் ஒரே வீட்டில் தங்குகிற சக பெற்றோர் அனுமதிப்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலியைப் பால்கனியில்தான் பிரித்தேன்.

ஹோட்டலைவிட அடுப்பு உள்ள வீடு வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். இத்தாலி சூப்பர் மார்க்கெட்டில் புழுங்கலரிசி கிடைக்கும், பொட்டலத்தில் 'பர்பாயில்ட்' என்றே போட்டிருக்கும். குட்டையாக உருண்டையாக இருக்கும் அவர்கள் அரிசியை வாங்கினால் பொங்கல்தான் வரும். டின் மீனும் நாம் கொண்டு போன மசாலாவும் தேங்காயும் இருந்தால் குழம்பு ஆயிற்று. ஈஸ்டர் ஞாயிறும் திங்களும் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டு போங்கள். மூக்கடைப்புக்கு நாம் சர்வ சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், அது போட்டி நேரத்தில் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. வாங்கும் முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை லீவுக்கு ஊரில் இருந்ததால் நாங்கள் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக மிலான் போனோம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம் இருக்கிறது, சங்குமுகம் பக்கம் போய் நிற்காதீர்கள். மார்த்தாண்டத்துக்கும் பாலராமபுரத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிலானிலிருந்து ரயிலில் வெரோனா வழியாக ரொவெரெத்தோ, அங்கிருந்து பஸ்ஸில் ரிவா. சின்ன ரயில்களுக்கான காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டியவர்கள் உண்டு. பாய்க் குழாய்களோடு போகும் கூட்டமானால் சேர்ந்து வேன் எடுப்பதே மேல். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2024-இல் அது ஈஸ்டர் அன்றே வந்தது. ஈஸ்டர் சீக்கிரம் வருகிற வருடமானால் இதைக் கவனியுங்கள்.

ஏரியின் காற்றுக்கு நேரக் கணக்கு உண்டு. விடிகாலையில் வடக்கிலிருந்து வருவது பெலேர். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து வருவது ஓரா. வடக்கே ஏரி மலைகளுக்கு நடுவே குறுகிப் போகிறது, அந்த இடுக்கில் காற்றுக்கு வேகம் ஏறுகிறது. ஆரல்வாய்மொழியில் பஸ் ஜன்னலைச் சாத்துகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் நன்றாக அடித்து நிலம் சூடானால்தான் ஓரா வரும். மேகம் மூடினால் வராது. அதனால் கரையில் காத்திருப்பது அதிகம். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கொடி ஏறியிருந்தால் ஒத்திவைப்பு என்று அர்த்தம். நனைந்த உடையோடு பிள்ளையை நிற்க விடாதீர்கள். போட்டி மதியம் தொடங்கினால் காலைச் சாப்பாட்டை நன்றாகவும், பதினொரு மணிக்குக் கொஞ்சமாகவும் கொடுங்கள்.

படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் தள்ளுவண்டி உங்கள் பொறுப்பு. நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வண்டிகள். நான் அம்மாவின் பழைய கைலித் துணியைக் கிழித்துக் கட்டி வைத்தேன், தூரத்திலிருந்தே தெரியும். போகும்போதும் வரும்போதும் கையெழுத்தோ அடையாள வில்லையோ வைக்கச் சொல்லியிருப்பார்கள். மறந்தால் புள்ளி போகும். சில பிள்ளைகளுக்கு நன்றாக ஓட்டியும் புள்ளி குறைந்தது அதனால்தான்.

கரையிலிருந்து கத்தக் கூடாது. போட்டி நடக்கும்போது வெளியிலிருந்து உதவி பெறுவது விதிப்படி குற்றம், கூடப் போனவர் முறைகேடாக நடந்தால் பிள்ளையையும் தண்டிக்க விதியில் இடம் இருக்கிறது. மோட்டார் படகு பிடித்துப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால், ஏரியின் இந்த வடபகுதியில் தனியார் மோட்டார் படகுகளுக்கே தடை. ஒரு பைனாகுலர் கொண்டு போங்கள். அதிலும் வெள்ளைப் பாய்கள்தான் தெரியும், எது நம் பிள்ளை என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் அது பழகிவிடும்.

இன்னொரு படகு விதி மீறியது என்று புகார் செய்தால் கரையில் விசாரணை நடக்கும். அந்தத் தகராறு விசாரணைக்குப் பிள்ளையைத் தயார் செய்யுங்கள். புகாரைத் தெரிவிக்கச் சிறு படகுகளுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை, 'புரொட்டெஸ்ட்' என்று அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு குறித்த நேரத்துக்குள் கரையில் படிவம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் நின்று பேச வேண்டும் என்ற நினைப்பில் நியாயம் தன் பக்கம் இருந்தும் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் வீட்டில் தீப்பெட்டிகளைப் படகாக வைத்து, "நான் இங்கே வந்தேன், அவன் அங்கே திரும்பினான்" என்று நான்கு வாக்கியங்களைப் பழக்கினோம். ஒரு நாள் அது உதவியது.

பெரிய வியாழன் தொடங்கி ஈஸ்டர் வரை போட்டி. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்காது. அம்மா போனில், "அன்னைக்கு மட்டும் இறங்காதே மக்களே" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். பணம் கட்டியாயிற்று, கிளப் பெயர் இருக்கிறது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. முந்தின ஞாயிறு ரிவா தேவாலயத்துக்குப் போயிருந்தோம், அங்கே குருத்தோலைக்குப் பதில் ஒலிவக் கிளை கொடுத்தார்கள். "அவங்க ஊர்ல அவங்க மொற, பாட்டி" என்று அவளே சொன்னாள். அம்மா சமாதானம் ஆகவில்லை. பிள்ளை காலையில் சிலுவைப்பாதை சொல்லிவிட்டு இறங்கினாள், சாயங்காலம் வரை நான் ஒன்றும் சாப்பிடவில்லை, அப்படி ஒரு உடன்படிக்கை. இதற்கெல்லாம் பயணக் கையேட்டில் பதில் கிடைக்காது. வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சின்னப் பொருட்கள் கொஞ்சம் கொண்டு போங்கள். கடைசி நாளில் பிள்ளைகள் சட்டை, பேட்ஜ், கொடி எல்லாம் மாற்றிக்கொள்வார்கள். பனையோலைப் பெட்டி இரண்டு எடுத்துப் போயிருந்தோம், அதற்கு ஒரு நார்வே பையன் தன் கிளப் ஜாக்கெட்டையே கழற்றிக் கொடுத்தான். அவள் எத்தனையாவது வந்தாள் என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். பட்டியலின் நடுவுக்குக் கீழே. இரண்டாம் நாளிலிருந்து ஏறிக்கொண்டே வந்தாள், குளிர் பழகியது ஒரு காரணம்.

திரும்பும் நாளுக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள். போட்டி முடிந்த சாயங்காலமே விமானம் பிடிக்கிறவர்கள் ஈரப் பாயைக் குழாயில் திணிக்கிறார்கள், ஊர் வந்து சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஏரி நல்ல தண்ணீர் என்பதால் உப்பு அலச வேண்டியதில்லை, நிழலில் விரித்துக் காயவைத்தால் போதும். வாடகைப் படகை ஒப்படைக்கும்போது முதல் நாள் வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். எங்களிடம் விளிம்பில் இருந்த ஒரு கீறலைக் காட்டினார்கள், நான் வீடியோவைக் காட்டினேன், சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். கார்டில் நிறுத்திய பணம் விடுபட இரண்டு வாரம் ஆயிற்று.